கதையின் பொருளைத் தேட எந்த வழி? பிரதி, பின்னணி, மரபு, கோட்பாடு: ஓர் ஒப்பீடு

"கதை புரிகிறது. ஆனால் கட்டுரையில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை." முதுகலைத் தமிழ் படிப்பவர்களும், அடுத்த வாரம் வாசகர் வட்டத்தில் பேசுகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டவர்களும் கேட்பது இதைத்தான். கொஞ்சம் துருவிக் கேட்டால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். ஒருவர் "பிரதியை, அதாவது எழுதப்பட்ட சொற்களை, விட்டு வெளியே போகாதே" என்று சொல்லியிருப்பார். இன்னொருவர் "காலம் தெரியாமல் கதையைப் பேசாதே" என்றிருப்பார். மூன்றாமவருக்குப் பெண்ணியம், தலித்தியம் என்று ஏதாவது ஒரு கோட்பாடு இல்லாவிட்டால் அது ஆய்வே இல்லை. சங்கப் பாடல் என்றாலோ திணை (நிலமும் அதற்குரிய காதல் நிலையும்), துறை (பாட்டு எழும் சூழல்) சொல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. நான்குமே வழிதான். எதில் இறங்குவது என்பதுதான் கேள்வி.

பொதுப்படையாகப் பேசினால் நான்கும் நல்லதாகவே தோன்றும். அதனால் மூன்று படைப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு உரசிப் பார்த்துவிடுவோம். சிறுகதைக்குப் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. 1934-ல் மணிக்கொடி இதழில் வந்தது. பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். கவிதைக்குக் குறுந்தொகையின் 25-ஆம் பாட்டு, கபிலர் பாடியது, ஐந்தே அடி. நாவலுக்கு இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், ஆதாரம். சொல்கிற கருத்துக்குப் படைப்பிலிருந்து ஒரு வரியைத் தொட்டுக் காட்ட முடிகிறதா? 

அடுத்து, உழைப்பு. கதைக்கு வெளியே எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு நேரமும் நூலகமும் இருக்கிறதா?

மூன்றாவது அளவுகோலைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். எழுதிய வாக்கியத்தை அப்படியே தூக்கி வேறொரு கதைக்கு வைத்துப் பாருங்கள். பொருந்திவிட்டால் அது உங்கள் கதையைப் பற்றிய வாக்கியமே இல்லை. "இக்கதை ஏழைகளின் அவலத்தைச் சித்திரிக்கிறது" என்பது தமிழில் எழுதப்பட்ட கதைகளில் பாதிக்குப் பொருந்தும். மதிப்பெண் வாங்கலாம், ஆனால் கதையைப் பற்றி ஒன்றும் சொன்னபாடில்லை.

கடைசியாக, வடிவம். ஐந்தடிப் பாட்டுக்கு எடுபடுகிற முறை நானூறு பக்க நாவலில் மூச்சு வாங்கும். நாவலுக்குக் கைகொடுப்பது பாட்டை நசுக்கிவிடும்.

கடைகளில் விற்கிற நோட்ஸையும், இப்போது கைபேசியில் கேட்டதும் வந்து விழும் சுருக்கங்களையும் ஒரு வழியாகச் சேர்க்கவில்லை. தேர்வுக்கு முந்தைய இரவில் அவை உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை தருவதெல்லாம் மூன்றாவது அளவுகோலில் தோற்கிற வாக்கியங்கள்.

## பிரதியை மட்டும் வைத்து வாசிப்பது

தமிழில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய 'எழுத்து' இதழில் வரிவரியாக அலசும் விமர்சனம் வளர்ந்தது. ஆசிரியர் யார், எந்த ஊர் என்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, சொல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது.

'பொன்னகரம்' கதைச் சுருக்கம் எளிது. அம்மாளு மில்லில் கூலி வேலை செய்கிறாள். புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டுகிறான். ஒரு நாள் அவனும் குதிரையும் குடித்துவிட்டு ரேஸ் விட, வண்டி குடை சாய்கிறது. ஊமையடியோடு கிடக்கும் புருஷன் பால் கஞ்சி கேட்கிறான். மில்லில் கூலி போட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இரவில் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள், திரும்பும் வழியில், தன்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவனுடன் சந்தின் இருளுக்குள் போகிறாள். முடிவு இது:

"அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள். ஆம், புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்! என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!"

மையக்கருத்து வறுமை என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம். பிரதியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வேறு சில கண்ணில் படும்.

கதைசொல்லி யாரிடம் பேசுகிறான்? ஊர் சுற்றிக் காட்டுகிறவனைப் போலப் பொன்னகரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா என்று ஆரம்பிக்கிறான். நடுவில் பசியைப் பற்றிப் பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்த்துக் குரலை உயர்த்துகிறான். முடிவில் மறுபடி "ஐயா". அந்த 'ஐயா' பொன்னகரத்தில் வாழ்கிறவர் அல்ல. அங்கே ஒரு நாள்கூட இருந்திராதவர். கதையின் நிகழ்ச்சி அம்மாளுக்கு நடக்கிறது, கதையின் அடி விழுவதோ அந்த ஐயாவின் மேல். ஏழையின் துயரம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தால் இந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய தேவையே இல்லை.

பிறகு அந்த இருட்டு. பஞ்சாங்கப்படி அன்றைக்கு நிலா வர வேண்டும். அது மேகத்தில் மறைந்துகொண்டால் முனிசிபாலிட்டி என்ன செய்யும் என்று கதைசொல்லி அப்பாவியாகக் கேட்கிறான். சிரித்துவிட்டுக் கடந்துபோகிற இடம். ஆனால் நின்று பாருங்கள். பஞ்சாங்கமும் முனிசிபாலிட்டியும் ஒரே மூச்சில் வருகின்றன. விளக்குப் போட வேண்டிய நிர்வாகம், நிலாக் காய்கிறது என்று பஞ்சாங்கத்தை நம்பிக் கை கழுவிவிட்டது. அம்மாளு போய் மறைகிற இருள் இப்படி அதிகாரபூர்வமாகத் தயாரிக்கப்பட்ட இருள். நாலே வரிக் கிண்டலில் மரபும் அரசாங்கமும் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகின்றன.

இன்னொன்று, அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பது. பசித்த தன் வயிற்றுக்கு என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. புருஷனுக்குக் கஞ்சி வார்க்க. அதாவது பத்தினி செய்ய வேண்டிய பணிவிடையைத்தான் அவள் செய்கிறாள். அதைச் செய்யக் கிடைத்த ஒரே வழி பத்தினி என்ற பெயரைப் பறித்துவிடுகிறது. கற்பு வேண்டாம் என்று கதை முழங்குவதாகச் சொல்பவர்கள் இந்த முடிச்சை அவிழ்க்காமல் தாண்டிப் போகிறார்கள்.

இத்தனைக்கும் கதையைத் தவிர வேறு எதையும் புரட்டவில்லை. மூன்றாவது அளவுகோலில் இந்த வழிதான் முதலிடம். பஞ்சாங்க நிலாவைப் பற்றிய வாக்கியத்தை வேறு எந்தக் கதைக்கும் கொண்டுபோக முடியாது.

செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. முக்கால் ரூபாய் என்றால் பன்னிரண்டு அணா. அது அன்றைக்குப் பெரிய தொகையா, சில்லறையா? பிரதி சொல்லாது. கற்பைப் பற்றி அந்த ஐயா ஏன் அப்போது கதைத்துக்கொண்டிருந்தார்? அதையும் சொல்லாது. அப்புறம் பழக்கமாகிவிட்டால் ஒரு நோயும் வரும்: கதையில் வருகிற காக்கை, குடம், கதவு எல்லாம் குறியீடாகத் தெரிய ஆரம்பிக்கும். குழாயடி குழாயடியாகவே இருக்கட்டும் என்று சொல்லும் துணிச்சல் வேண்டும். நாவலில் இந்த வழி பாதியில் களைத்துவிடும். இரண்டு அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் செய்ய முடியும்.

## ஆசிரியர், காலம் வழியாகப் போவது

பிரதி விட்ட கேள்விகளுக்குப் பதில் இங்கே கிடைக்கும். 1925-ல் தொடங்கிய பெரியாரின் 'குடி அரசு' இதழ் வழியாகச் சுயமரியாதை இயக்கம் கற்பு, கல்யாணம், சொத்து எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்து விவாதித்தது. 1929-ல் செங்கல்பட்டில் அதன் முதல் மாகாண மாநாடு நடந்தது. அதே ஆண்டுகளில் சென்னைச் சட்ட சபையில் தேவதாசி முறை ஒழிப்புக்கு முத்துலட்சுமி ரெட்டி போராடிக்கொண்டிருந்தார். ஆக, 1934-ல் "கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே" என்ற வரியைப் படித்தவருக்கு அது அந்தரத்தில் நிற்கும் வரியல்ல. ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்த வாக்குவாதத்தில் குறுக்கே விழுந்த குரல். முருகேசனின் குடிக்கும் இது பொருந்தும். மாகாணத்தில் மதுவிலக்குச் சேலம் ஜில்லாவில் தொடங்கியதே 1937-ல்தான். கதை நடக்கும்போது கள்ளும் சாராயமும் சட்டப்படி விற்கப்படுகிற, சர்க்காருக்கு வருமானம் தருகிற சரக்கு. முனிசிபாலிட்டியோடு இன்னொரு சர்க்கார் கையும் முருகேசன் வீட்டுக் கணக்கில் இருக்கிறது என்று இப்போது சொல்ல முடிகிறது.

நாவலுக்கு இந்த வழி கிட்டத்தட்ட கட்டாயம் என்றே சொல்வேன். 'கோவேறு கழுதைகள்' ஆரோக்கியம் என்ற பெண்ணின் குடும்பத்தைச் சுற்றி வருகிறது. ஊரின் காலனி மக்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் வண்ணார் குடும்பம். தீண்டாமைக்கு உள்ளானவர்களுக்கு ஊழியம் செய்கிறவர்கள் என்பதால் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள். சாதி அடுக்கில் இப்படி ஒரு படி இருப்பதே பல வாசகர்களுக்குத் தெரியாது. கூலி பணமாக வராமல் வீடு வீடாக எடுக்கும் சோறாகவும், அறுவடைக் களத்தில் அளக்கும் தானியமாகவும் வருகிற ஏற்பாடு தெரியாவிட்டால், களத்தில் குறைத்துக் கொடுக்கப்படும் ஒரு முறம் நெல் ஏன் ஒரு குடும்பத்தையே உலுக்குகிறது என்று புரியாது. சலவைக் கடையும் தேய்ப்பு வண்டியும் வந்தபின் இந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்ற பயமும் அந்த ஏற்பாட்டை வைத்துத்தான் பிடிபடும்.

பாட்டுக்கோ இந்த வழி ஏறக்குறைய பயனற்றது. கபிலரைப் பற்றி நமக்குத் தெரிவது மற்றச் சங்கப் புலவர்களைப் பற்றித் தெரிவதைவிட அதிகம்: பாரியின் நட்பு, பறம்பு மலை, பாரி மகளிருக்காக அலைந்தது. இதில் ஒன்றாவது குறுந்தொகை 25-ஐத் திறக்கிறதா? இல்லை. காதலைப் பாடும் அகப்பாட்டில் காதலர் பெயர் சொல்லப்படுவதில்லை என்ற மரபே ஆசிரியரின் வாழ்க்கையை வாசலில் நிறுத்திவிடுகிறது.

மறைமுகச் செலவுகளில் முதலாவது, நல்ல பதிப்பு. புதுமைப்பித்தன் கதைகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது, பிறகு நூலாகும்போது என்ன மாறியது என்று தெரிய ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த செம்பதிப்பு (மூலங்களை ஒப்பிட்டுச் சரிபார்த்த பதிப்பு) போன்ற ஒன்று வேண்டும். காலத்தைப் பற்றிப் பேசப்போகிறவர் காலத்தைத் தப்பாகச் சொன்னால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும்.

இரண்டாவது செலவு இன்னும் பெரியது. வாழ்க்கை கதையை விழுங்கிவிடும். புதுமைப்பித்தன் வறுமையில் வாடினார், காசநோயில் 1948-ல் இறந்தார், அதனால்தான் அவர் கதைகளில் இவ்வளவு கசப்பு என்று எழுதுகிறார்கள். 1934-ல் எழுதிய கதைக்கு 1948-ல் வந்த சாவு எப்படிக் காரணமாகும்? போதாததற்கு, ஆசிரியரையே சாட்சிக்கு அழைத்தால் அவர் காலை வாரிவிடுவார். 'காஞ்சனை' தொகுப்பின் முன்னுரையில் உலகத்தை உய்விக்கும் நோக்கமெல்லாம் தனக்கோ தன் கதைகளுக்கோ கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 'பொன்னகர'த்தைச் சமூக விமர்சனம் என்றே பேச முடியாது. எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. முன்னுரையும் அவர் எழுதிய புனைவுகளில் ஒன்று.

## மரபின் வழி: திணை, கூற்று, உள்ளுறை

பாட்டு இது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தா ளன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சின்னஞ்சிறு பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு, அதாவது ஒரு நீர்ப்பறவை, ஒன்றும் இருந்தது.

மரபு முதலில் கேட்பது, யார் யாரிடம் எப்போது சொல்வது என்று. இதற்குக் கூற்று என்று பெயர். பாட்டோடு சேர்த்துத் தரப்படும் கூற்றுக் குறிப்பு சொல்கிறது: அவன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறபோது, தலைவி தோழியிடம் சொல்வது. இது கையில் இல்லாமல் படித்தால் பாட்டு ஒரு காதல் நினைவாகத் தோன்றலாம். குறிப்போடு படித்தால் அது சாட்சியில்லாத வழக்கின் வாக்குமூலம். தோழியிடம் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அவள் மூலமாகத்தான் விஷயம் வீட்டுக்கோ அவன் காதுக்கோ போக வேண்டும்.

அப்புறம் குருகு. சாட்சி தேடுகிறவளுக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு உயிர், அதுவும் வாய் பேசாதது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தக் குருகுக்கு அவளைப் பார்க்க நேரமில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளுறை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் ஒளித்துவைத்த பொருள், தேடிப் பழகிய கண், இரைமேல் மட்டும் குறியாக நின்ற குருகில் அவனையும் பார்த்துவிடும். தொல்காப்பியக் கற்பியலில் வருகிற "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்ற நூற்பாவைப் பக்கத்தில் வைத்தால், கல்யாணச் சடங்கு வந்த காரணமும் இந்தப் பெண் பயப்படுகிற 'பொய்'யும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

மரபு வழி பழம்பாட்டுக்குத்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 'பொன்னகரம்' நடுவில் கதைசொல்லி "பத்தும் பசி வந்திடப் பறந்துபோம்" என்ற வரியை இழுத்து, அதை ஒய்யாரமாகப் பாடுகிறவர்களைச் சாடுகிறான். பலரும் பழமொழி என்று தாண்டிவிடுகிற இடம். அது ஔவையாரின் 'நல்வழி' நூலில் வரும் வெண்பா. எந்தப் பத்து என்று எடுத்துப் பாருங்கள்: மானம், குலம், கல்வி, வண்மை, அறிவுடைமை, தானம், தவம், உயர்ச்சி, தாளாண்மை, கடைசியாகத் தேன் போலப் பேசும் பெண்கள்மேல் காமுறுதல். பட்டியலில் கற்பு இல்லை. பத்தாவது ஆணின் ஆசை. பசி வந்தால் ஆணுக்கு என்னென்ன பறக்கும் என்ற கணக்கு அது. பெண்ணுக்கு என்ன பறக்கும் என்பதைக் கதைதான் பதினோராவதாகச் சேர்க்கிறது. சந்தில் காத்திருந்தவனுக்குப் பசியில்லை, ஆகவே பத்தாவது பறக்கவில்லை, அம்மாளு வீட்டிலோ பசி. வெண்பாவை முழுதாகத் தெரிந்த வாசகருக்குக் கிடைக்கிற இந்த அர்த்தம் மற்ற மூன்று வழியிலும் லேசில் வராது.

செலவு: உரை படிக்கும் பயிற்சி. இரண்டு நாளில் வருவதல்ல. கூற்றுக் குறிப்புகள் பாட்டோடு பிறந்தவை அல்ல, பின்னால் சேர்த்தவை என்பதையும் மனதில் வைக்க வேண்டும்; அவை ஒரு வாசிப்பு, தீர்ப்பு அல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, நவீன நாவலைத் திணைக்குள் திணிப்பது. வறண்ட ஊரில் கதை நடந்தால் பாலை, கடற்கரையில் நடந்தால் நெய்தல் என்று பட்டியல் போட்டு ஒரு இயல் எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதில் ஊர் இருக்கும், நாவல் இருக்காது.

## கோட்பாட்டு வழி

விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் இலங்கையிலிருந்தும், நா. வானமாமலை தமிழ்நாட்டிலிருந்தும் மார்க்சிய நோக்கில் இலக்கியத்தைப் படித்துக் காட்டினார்கள். கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968-ல் வந்தது. அமைப்பியலைப் பற்றித் தமிழவன் எழுதிய 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-ல் வந்து வேறொரு கதவைத் திறந்தது. தொண்ணூறுகளில் தலித்தியமும் பெண்ணியமும் விமர்சனத்தின் கேள்விகளையே மாற்றின.

இந்த வழியின் பலம், கதையில் இல்லாததைக் காட்டுவது. 'பொன்னகர'த்தில் பெண்ணியம் கேட்கிற கேள்வி கொஞ்சம் சங்கடமானது: சந்தில் மறையும் அந்த நேரத்தில் அம்மாளு என்ன நினைத்தாள்? கதைசொல்லி சொல்லவில்லை. இருளில் மறைகிறார்கள், அடுத்த வரியில் பணம். 'ஐயா'வை அடிக்க அவள் ஒரு கோலாகப் பயன்படுகிறாள். கற்பைப் பற்றிய பேச்சு மறுபடியும் இரண்டு ஆண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. மார்க்சியம் அந்த இரண்டு நாளைப் பிடித்துக்கொள்ளும். அவள் வேலையில்லாதவள் அல்ல. கூலி வரவேண்டியிருக்கிறது, தேதிதான் வரவில்லை. வீட்டு வாடகைக்கும் போலீஸ் மாமூலுக்கும் போகிற அதே வருமானத்தின் ஓட்டையை அடைக்க உடம்பு இரண்டாவது கூலியாகிறது. தலித்தியம் கேட்பது: யாருடைய சாதியும் சொல்லப்படாத இந்தச் சேரியில் சாதி எங்கே போயிற்று?

'கோவேறு கழுதைகள்' விஷயத்தில் நடந்தது இன்னும் சுவையானது. ஒடுக்குகிறவர், ஒடுக்கப்பட்டவர் என்று இரண்டே கட்சி வைத்துக்கொண்டு போனவர்களுக்கு அந்த நாவல் இடம் கொடுக்கவில்லை. ஆரோக்கியத்தைப் படுத்துகிறவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களே. நாவல் வந்தபோது இதையொட்டிச் சூடான விவாதம் எழுந்தது. கோட்பாட்டின் தொல்லையும் பயனும் ஒரே இடத்தில் தெரிந்தன. சூத்திரத்தை நாவல்மேல் வைத்து அழுத்தியவர்கள் நாவலைக் குறை சொன்னார்கள். சூத்திரம் எங்கே உடைகிறது என்று பார்த்தவர்களுக்குச் சாதி அடுக்கைப் பற்றியே புதிதாக ஒன்று கிடைத்தது. கட்டுரை எழுதுகிறவர் தேட வேண்டியது அந்த உடைகிற இடத்தைத்தான்.

செலவைச் சொல்லவே வேண்டாம். கோட்பாட்டு நூல்களைப் படிக்காமல் பெயரை மட்டும் உதிர்த்தால் வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். படித்தாலும், முதல் பக்கத்திலேயே முடிவு தயாராகிவிடும் அபாயம் இருக்கிறது: பெண்ணிய வாசிப்பு என்றால் ஆணாதிக்கம் என்று முடியும், மார்க்சிய வாசிப்பு என்றால் சுரண்டல் என்று முடியும். நடுவில் கதை எதற்கு? மூன்றாவது அளவுகோலில் அதிகம் பேர் சறுக்குவது இந்த வழியில்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | கூடுதலாக வேண்டியது | எங்கே ஓங்கி நிற்கும் | எங்கே சறுக்கும் | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பிரதி | பொறுமை, மறுவாசிப்பு | சிறுகதை, புதுக்கவிதை | நீண்ட நாவல் | எல்லாம் குறியீடாகத் தெரிவது |
| பின்னணி | நல்ல பதிப்பு, பழைய இதழ்கள் | நாவல், காலத்தோடு மல்லுக்கட்டும் கதை | அகப்பாட்டு | வாழ்க்கை கதையை விழுங்குவது |
| மரபு | உரைப் பயிற்சி | சங்கப் பாட்டு, பழைய வரியை இழுக்கும் நவீனக் கதை | திணிக்கப்பட்ட நாவல் ஆய்வு | பின்னால் வந்த குறிப்பைத் தீர்ப்பாக எடுப்பது |
| கோட்பாடு | மூல நூல்கள், நேரம் | சொல்லாமல் விட்டதைக் காட்ட | ஐந்தடிப் பாட்டு | முடிவு முன்பே தயாராக இருப்பது |

## யாருக்கு எது

வாசகர் வட்டத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றால் பிரதியோடு நின்றுகொள்ளுங்கள். ஒரே ஒரு இடத்தை எடுத்துக் காட்டினால் போதும், அந்தப் பஞ்சாங்க நிலா மாதிரி. ஆசிரியர் பிறந்த ஊரில் ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும், கேட்பவர்கள் காபியைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

பள்ளியில் பாட்டு நடத்துகிறவருக்கு மரபும் பிரதியும் சேர வேண்டும். ஆனால் வரிசையை மாற்றிப் பாருங்கள். திணை, துறை, கூற்று என்று எழுதிப்போட்டுவிட்டுப் பாட்டுக்கு வருவதைவிட, பாட்டை வாசித்துவிட்டு "இதை யார் யாரிடம் சொல்லியிருப்பார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பதிலை ஊகித்தபிறகு குறிப்பைச் சொன்னால், அது ஏன் இருக்கிறது என்று தானாகப் புரியும்.

முதுகலைக் கருத்தரங்கக் கட்டுரை, பத்துப் பக்கம், மூன்று வாரம் என்றால் சிறுகதையை எடுத்துக்கொண்டு பிரதியில் ஆரம்பியுங்கள். அதில் பதில் கிடைக்காமல் நிற்கிற ஒரு கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விதான் அடுத்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "முக்கால் ரூபாய் எவ்வளவு?" என்பது நின்றால் பின்னணிக்குப் போங்கள். "அவள் ஏன் பேசவில்லை?" என்பது நின்றால் பெண்ணியத்துக்கு. "எந்தப் பத்து?" என்பது நின்றால் நல்வழிக்கு. வழியை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற கதையைத் தேடுகிற பழக்கம்தான் நம் கட்டுரைகளை ஒரே மாதிரி ஆக்குகிறது.

முனைவர் பட்டத்துக்கு நாவலை எடுப்பவருக்குப் பின்னணியிலிருந்து தப்பிக்க வழியில்லை. கோட்பாடு கேட்கப்படும், அதுவும் வேண்டும். ஆனால் ஒரு இயலையாவது ஒரே ஒரு காட்சிக்கு ஒதுக்குங்கள். களத்தில் நெல் அளக்கிற காட்சி மாதிரி ஒன்றை எடுத்து, யார் முதலில் பேசுகிறார், யார் கை நீட்டி நிற்கிறார், யார் பதில் சொல்லாமல் நகர்கிறார் என்று வரிவரியாகப் பார்த்து எழுதுங்கள்.

இரண்டு வழிகள் முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். ஆசிரியர் நோக்கமில்லை என்கிறார், கதை 'ஐயா'வைப் பிடித்து உலுக்குகிறது. கோட்பாடு ஒன்று சொல்கிறது, நாவலின் காட்சி வேறு சொல்கிறது. நான் வரியின் பக்கம் நிற்பேன். அந்த முட்டலை மறைத்து மெழுகாமல் அதையே கட்டுரையின் முதல் பத்தியில் வைத்துவிடுங்கள். மீதிப் பக்கங்களை எழுத விஷயம் அதில் இருக்கும்.